இடப்பக்கத்துப் பள்ளம்

அந்த வட்டக் கதிரையில் முதுகு சாய இடமில்லை. கீழே ஐந்து சில்லுகள், மேலே தட்டையான இருக்கை. கண் சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தன் காரிலிருந்து இறக்கி, வேலணையில் என் கடை வாசலில் வைத்தார். கணவர் இறந்தபிறகு அவருடைய தையல் மெசினில் நான் பஸ், மோட்டார் சைக்கிள் இருக்கைகள் தைத்துக்கொண்டிருந்தேன்.

"இதில இருந்து வேலை செய்து நாரி, இடுப்பு எல்லாம் விட்டுப்போச்சு, அக்கா. இப்பிடியே போனால் ஒப்பரேசன் செய்ய ஏலாது" என்றார்.

அவருடைய ஆட்கள் எல்லோரும் வெளிநாட்டில். மடத்துவெளியில் பூட்டிக் கிடந்த தங்கள் வீட்டைப் பார்க்க ஞாயிறுகளில் மட்டும் இந்தப் பாதையால் போவார்.

எப்படி வேலை செய்வீர்கள், இருந்து காட்டுங்கள் என்றேன். இரண்டு காலும், கருவிகளை இயக்கும் இரண்டு மிதிகளின் மேல். இரண்டு கையும் நோயாளியின் முகத்துக்கு மேல். கண் மைக்ரோஸ்கோப்பில். நிலத்தில் ஊன்ற ஒரு பாதம்கூட மிச்சமில்லை. பாரம் முழுவதும் இருக்கையில்தான். பழைய இருக்கையைக் கழற்றினேன். முன்பக்கத்தைக் கொஞ்சம் சரித்து, நடுவைக் குதிரைச் சேணம்போல உயர்த்தி, முழங்கைகளுக்குத் தாங்கி வைத்தேன். ஒரே தடவையில் சரிவரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்து, கைகளைத் தூக்கிப் பிடித்தபடி என் கடைக்குள் இரண்டு மணி நேரம் இருந்து பார்ப்பார். நான் பக்கத்தில் தைப்பேன். அதிகம் கதைக்கமாட்டோம். ஆனாலும் கணவருக்குப் பிறகு, அவ்வளவு நேரம் என் பக்கத்தில் யாரும் இருந்ததில்லை.

மூன்றாம் ஞாயிறு, "ஓம், இப்ப நல்லாயிருக்கு" என்று எழுந்தார். இருக்கையின் இடப்பக்கத்துப் பஞ்சு இலேசாகப் பள்ளம் விழுந்திருந்ததை நான் கண்டேன். சரிசெய்ய அரைமணி நேர வேலை. சொல்லவில்லை. கதிரையைக் காரில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கழுத்துப் பட்டியோடு, கதிரையையும் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் சமாளித்தாராம். மூன்றாம் நாள் உடல் இடப்பக்கம் சரிந்து கழுத்துப் பிடித்து, வேலை நடுவில் வலது கை விறைத்துவிட்டது. அந்த ஒரு கண்ணை ஒருமாதிரி முடித்துவிட்டு, மற்றவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர்களில் ஒருவர் நெடுந்தீவிலிருந்து படகேறி வந்த வயோதிபர். அதைக் கேட்டபிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

"பிழை எனக்குத் தெரியும், டொக்டர். தெரிஞ்சுதான் விட்டனான்."

"ஏன்?"

"திரும்பவும் வருவியள் எண்டு."

இடப்பக்கத்துப் பஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, "சும்மாவும் வந்திருப்பனே, அக்கா" என்றார்.

அன்றே பஞ்சை மாற்றிக் கொடுத்தேன். அதன்பிறகு அவருக்கு நோகவில்லை என்று அவரே சொல்லி அனுப்பினார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் கார் கடையடியில் மெதுவாகும். வெட்கத்தில் நான் மெசினை விட்டுத் தலை தூக்கவில்லை. கார் போய்விடும். சில மாதங்களில் தெற்கே ஒரு நகரத்துக்கு மாற்றலாகிப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

அவருடைய இலக்கம் என் கைபேசியில் இரண்டு வருடமாகக் கிடந்தது. அழைப்பு எடுத்து என்ன சொல்வது என்று ஒவ்வொரு முறையும் விட்டுவிடுவேன். இன்று காலை எடுத்தேன்.

"அக்கா! என்ன விசயம்?"

"ஒண்டுமில்லை, டொக்டர். சும்மாதான் எடுத்தனான்."

"போனை வையாதேங்கோ. கதவைச் சாத்திப்போட்டு வாறன்" என்றார்.

கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்தேன்.