பேப்பரில் சுற்றிக் கொடுத்த கோழி மருந்து

இரண்டு வாரம் முன்பு ஒரு புதன்கிழமை, செத்த கோழியைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்குள்ளேயே ஒரு பயணம் போனேன். தாமதமாகத்தான் எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் வெறும் திட்டாக இருந்திருக்கும். கோபம் இப்போதும் பெரிதாகக் குறையவில்லை.

லாஸ்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் ஒன்பது நாட்டுக்கோழிகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றியது. செவ்வாய்க்குள் ஆறு போய்விட்டன. அன்று காலை மூன்று வயது மகள் ஜெனியின் வலது கண் சிவந்திருந்தது. முந்தின நாள் அந்த நோய்க்கோழியைத்தான் மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறாள். டாக்டர் சொட்டு மருந்து எழுதிவிட்டு, கோழிக்கு வந்தது பறவைக் காய்ச்சலா என்று உடனே தெரிந்தாக வேண்டும் என்றார். அந்த ராத்திரி நான் தூங்கவில்லை.

புதன் காலை ஏழாவது கோழி செத்தது. கையுறை, மாஸ்க் போட்டு, இரண்டு கவரில் கட்டி, ஐஸ் போட்ட பக்கெட்டில் வைத்தேன். ஜெனியைக் கணவரிடம் விட்டுவிட்டு 8.40க்குக் கிளம்பினேன். முதல் ஆட்டோக்காரர் பக்கெட்டைப் பார்த்ததும் வண்டியை எடுத்துவிட்டார். இரண்டாமவர் கேட்டார்:

"கோழி எதுனால செத்துச்சும்மா?"

"தெரியல. அதத்தான் கேக்கப் போறேன்."

"அப்ப நான் கேக்கவே இல்ல. ஏறுங்க."

ஊர் ஓரத்தில் இருக்கும் கோழி நோய் ஆய்வகம் பதினொரு கிலோமீட்டர். 35 நிமிடம், 280 ரூபாய். வழி முழுக்க அவர் தலை வெளியேதான் இருந்தது.

ஆய்வகத்தில் பக்கெட்டை வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். தடுப்பு மருந்து கொடுத்தீர்களா என்றார். மூன்று வாரம் முன்பு பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் வாங்கி, கோழிக்கு ஒரு சொட்டு வீதம் கண்ணில் விட்டேன் என்று பெருமையாகவே சொன்னேன். ஐஸில் வைத்துக் கொடுத்தார்களா என்று கேட்டார். பேப்பரில் சுற்றித்தான் கொடுத்தார்கள் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுல இருக்கிறது உயிரோட இருக்கிற வைரஸும்மா, வீரியம் கொறச்சது. சூட்டுல செத்துடும். நீங்க வுட்டது வெறும் தண்ணி."

வெயிலைத் தாங்கும் மருந்துக்காகத்தான் அங்கே வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்கிறார்களாம். முட்டைக் கருவில் வைரஸை வளர்த்து, சூட்டில் வைத்து, எது பிழைக்கிறது என்று பார்க்கிறார்கள். இவர்கள் இத்தனை பாடுபட, கடைக்காரர் ஒரு நியூஸ்பேப்பரில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார். எனக்கு என் மேலும் ஆத்திரம் வந்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஜெனிக்கு ஊசி போடும்போது நர்ஸின் ஐஸ் பெட்டியை இரண்டு முறை எட்டிப் பார்த்தவள் நான். படித்தவள்தானே, கோழி மருந்துக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?

வியாழன் மதியம் போன் வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை. ராணிக்கெட், அதாவது நம் ஊரில் சொல்லும் வெள்ளைக் கழிச்சல். நோய்க்கோழியைத் தொட்ட கையால் தேய்த்தால் கண் சிவக்குமாம், தானாகச் சரியாகிவிடுமாம். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஐந்து நாளில் ஜெனியின் கண் தெளிந்தது.

ஆனால் வியாழன் சாயங்காலமே பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனேன். ஃப்ரிட்ஜுக்குள் கூல்டிரிங்க்ஸ். கோழி மருந்து ஃப்ரிட்ஜுக்கு மேலே, அட்டைப்பெட்டியில். ஏன் உள்ளே வைக்கவில்லை, ஐஸ் ஏன் தரவில்லை என்று சத்தம் போட்டே கேட்டேன்.

"நீ காசு குடுத்த, நான் மருந்து குடுத்தேன். ஐஸ் வேணும்னா மீன் கடைக்குப் போம்மா," என்றார்.

பக்கத்தில் ஓர் அம்மா நாற்பது குஞ்சுகளுக்கு அதே மருந்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாங்காதீர்கள், செத்த மருந்து, கால்நடை ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னொரு நாள் வேலை போயிடும் கண்ணு. பக்கத்து வூட்ல கோழி சாவுது, நான் எங்கன்னு அலையறது?"

மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். மீன் கடையில் ஐஸ் வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஏற்கெனவே செத்ததற்கு ஐஸ் எதற்கு?

இந்தப் பயணம் போகிறவர்களுக்கு: கோழி செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள். ஆய்வகத்துக்கு ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள், ஃப்ரீசரில் உறைய விடாதீர்கள். மருந்து வாங்க ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு போங்கள். கடைக்காரரிடம் மருந்து எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜில் இல்லையென்றால் நாலு பேர் கேட்கிற மாதிரி சத்தம் போடுங்கள். நான் ஒருத்தி போட்டது பத்தவில்லை.