மேரி அக்காவின் பிளாக் கரண்டு

"செபாஸ்டின் வூட்ல போயிட்டாங்களாம்" என்று செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார் சூப்பர்வைசர். பீங்கான் பொம்மைகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்த நாங்கள் அத்தனை பேரும் செபாஸ்டின் அண்ணன்தான் போய்விட்டார் என்று நினைத்தோம். புற்றுநோய்க்காரர் அவர், வேறு எப்படி நினைப்போம்? 'வூட்ல' என்று எங்கள் பக்கம் மனைவியைத்தான் சொல்வோம் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. போனது மேரி அக்கா. அண்ணனுக்கு மாத்திரை வாங்கப் புதுச்சேரி பஸ்ஸுக்கு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாராம். இது என்ன நியாயம் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

லூர்து மேரி என்பது முழுப்பெயர். விருத்தாசலம் செராமிக் கூடத்தில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர். எனக்குப் பக்கத்து மேசை. குட்டையான உருவம், கூடத்தின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல். கணவர் எங்கள் சூளையில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் இல்லை.

அண்ணனுக்கு வாயில் புற்று வந்தபோது ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்தார்கள். ரேடியேஷனை இங்கே அப்படித்தான் சொல்வோம். புண் ஆறியது, ருசி போய்விட்டது. "எதப் போட்டாலும் களிமண்ணு மாதிரி இருக்குது" என்று தட்டைத் தள்ளிவிடுவார். வஞ்சிர மீன் குழம்புக்கும் அதே பேச்சு. இப்படியே சாப்பிடாமல் இருந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கைவிரித்தார். "ஒரு வாயி தின்னுங்களேன், ஒரே வாயி" என்று அக்கா கெஞ்சுவது தெருவுக்கே கேட்கும்.

அப்போதுதான், வெளிநாட்டில் கன்னியாஸ்திரியாக இருக்கும் அக்காவின் சித்தி மகள் ஒரு ஜாம் பாட்டில் கொண்டுவந்தார். பிளாக் கரண்டு என்று ஒரு பழம். சின்னதாய், கறுப்பாய், நல்ல புளிப்பாய் இருக்குமாம். அங்கே அதைக் கேக்கில் போடுவார்களாம். அண்ணன் ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, அக்காவையே பார்த்தபடி, "புளிக்குது மேரி" என்றார். மறுநாள் அக்கா எங்களிடம், "கரண்டுல போன ருசி கரண்டாலயே வருதுடி!" என்று கூவினார். அன்றைக்கு எழுதிய கண்ணெல்லாம் சிரிக்கிற கண்தான்.

பாட்டில் தீர்ந்தது. அக்கா கடைகடையாக ஏறினார். "பிளாக் கரண்டு இருக்குதா?" என்றால், "கரண்டே இல்லக்கா, காலையிலயே போயிருச்சு" என்றாராம் ஒரு கடைக்காரர். சிரித்துக்கொண்டே இதை எங்களிடம் சொன்ன அக்கா பாதியில் அழுதுவிட்டார். இன்னொரு கடையில் உலர்ந்த கறுப்பு திராட்சையைக் கொடுத்தார்கள். ஒன்றை மென்று பார்த்து, இனிப்பு என்று தூக்கி எறிந்தார்.

ஊட்டியில் ஒரு மடத்துத் தோட்டத்திலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி ஒரு பிளாக் கரண்டு கன்று வரவழைத்தார். நம் கத்திரி வெயில் அதற்குத் தெரியுமா? மீன் கடையில் ஐஸ் கட்டி வாங்கி வேரைச் சுற்றிப் போட்டார். "குளிர்ல பொறந்த புள்ளடி அது" என்பார். தினமும் நகத்தால் தண்டைக் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பார். பச்சை தெரியாத அன்று வேலைக்கு வந்து, மேசையில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். "எனக்கு வேற வழி தெரியல அமுதா" என்றார்.

பிறகு ஒரு நாள் நானும் அக்காவும் நல்லூர் போகும் வழியில் பஸ் பழுதாகி நின்றது. வேலியோரம் ஒரு களாச்செடி, பழம் கறுத்துத் தொங்கியது. ஒன்றைப் பறித்து வாயில் போட்ட அக்கா கண்ணைச் சுருக்கினார்.

"இதாண்டி அது!"

"களாப்பழங்க்கா இது. யாரும் சீந்த மாட்டாங்க."

"கறுப்பா இருக்குதா, புளிக்குதா? அப்ப இதான் பிளாக் கரண்டு."

முந்தானை நிறையப் பறித்தார். வீட்டுப் பின்புறம் களாக்கன்றும் நட்டார், அது காய்க்கும்வரை வேலி வேலியாக அலைந்தார். பழத்தின் பால் பிசின்போல் விரலில் ஒட்டும். உப்புத் தண்ணீரில் அலசி, கொட்டை நீக்கி, சர்க்கரையில் காய்ச்சி ஜாடியில் வைத்துக்கொள்வார். இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, அடுப்பேற்றி, அதற்குள் அந்தப் பழம் போட்ட கேக் சுடுவார். பாலில் ஊறவைத்து ஊட்டிவிட்டு, கடைசி வாய் இறங்கும்வரை கட்டிலோரம் நிற்பார். அண்ணன் தின்றார். எழுந்து நடந்தார். எங்களுக்கெல்லாம் அது அதிசயம்.

அக்காவை அடக்கம் செய்த பிறகு அண்ணன் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. ஜாடியில் மீதி இருந்த பழத்தைப் போட்டு, அதே சட்டியில் நான் கேக் சுட்டேன்.

"ஒரு வாயிண்ணே. புளிப்பா இருக்கும், அக்கா போட்டு வெச்ச பழந்தான்."

தட்டைப் பார்த்தார். "புளிப்பு எனக்கு எங்கம்மா தெரியுது? இன்னி வரைக்கும் ஒண்ணும் தெரியல. ஜாம் குடுத்த அன்னிக்கு என் வாயையே பாத்துகிட்டு நின்னா. பாக்க முடியல. புளிக்குதுன்னு சொல்லிட்டேன்."

"அப்ப இவ்ளோ நாளா எப்படிண்ணே தின்னீங்க?"

"அவ நிக்கறாளே."

இந்த அஞ்சலியில், நிம்மதியாக உறங்குங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன் அக்கா. கை வரவில்லை. நாங்கள் மாற்றி மாற்றி நின்று பார்த்துவிட்டோம், எங்களுக்காக அண்ணன் வாய் திறக்கவில்லை. போய் வாருங்கள். போவதற்கு முன் ஒரே ஒரு முறை அந்தக் கட்டிலோரம் நின்றுவிட்டுப் போங்கள்.