மூக்கு அடைக்குது எண்டு சொல்லு

என் அப்பாவின் மூக்கைப் பற்றி என்னளவுக்குப் பொய் சொன்னவர் பாரிசின் லா சப்பலில் வேறு யாரும் இருக்க முடியாது. அப்போது எனக்கு ஒன்பது வயது. பொய் என்று தெரியாமல்தான் சொன்னேன், அதுவும் நல்ல பிரெஞ்சில்.

எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே அப்பா பிரான்சுக்கு வந்துவிட்டார். அம்மாவும் நானும் வந்து சேர்ந்தபோது எனக்கு எட்டு. விமான நிலையத்தில் ஓடிவந்து தூக்கிய மனிதரை நான் நுள்ளிவிட்டேனாம். அதுவரை தொலைபேசியில் வெறும் குரலாக இருந்தவர் திடீரென்று மீசையும் வயிறுமாக வந்து நின்றால் பிள்ளை என்ன செய்யும்? கூச்சமில்லாமல் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அப்பா ஒரு மரக்கறிக் கடைக்கு வான் ஓட்டினார். விடிய மூன்று மணிக்கே எழும்பிப் போவார். ஒருநாள் ஒபர்வில்லியேயில் சிவப்பு விளக்கில் நின்றபடியே தூங்கிப்போனார். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்துக் களைத்து, கடைசியில் இறங்கி வந்து கண்ணாடியில் தட்டித்தான் எழுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் தலையெல்லாம் வயர் ஒட்டிப் பார்த்துவிட்டு, நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று ஒரு மெஷின் கொடுத்தார்கள். அதன் குழாய் முனையில் ஒரு மாஸ்க். மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்தால் மெஷின் காற்றை ஊதும், மூச்சு அடைக்காது. எத்தனை மணி நேரம் போட்டார் என்பது உள்ளே இருக்கும் சின்னக் கார்டில் பதிவாகும். அந்தப் பதிவைப் பார்த்த பிறகுதான் அப்பா திரும்ப வான் ஓட்டலாம் என்று டொக்டர் எழுதிக் கொடுப்பார். அதுவரை வானை வேறொருவர் ஓட்ட, அப்பா கூடப்போய் மூட்டை இறக்கினார். மூன்று மாதம் பொறுப்பேன், அதற்குமேல் முடியாது என்று முதலாளி சொல்லியிருந்தார்.

எங்களுக்கு ஒரே ஒரு அறை. முதல் இரவு அப்பா மாஸ்க்கை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். தும்பிக்கை முளைத்த அந்த முகத்தைக் கண்டு நான் வீடு அதிரக் கத்தினேன். அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தவள், விடிந்த பிறகும் அப்பாவுக்குக் கிட்டப் போகவில்லை. இரண்டு நாளில் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். மெஷின் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

மெஷின் கொடுத்த இடத்திலிருந்து ஒரு பிரெஞ்சுக்கார அக்கா வந்து வந்து பார்ப்பார். அவருக்கு அம்மா சுடும் ரோல்ஸ் என்றால் உயிர். அப்பாவின் பிரெஞ்சு வெங்காயம், தக்காளியோடு நின்றுவிடும் என்பதால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஏன் போடவில்லை என்று அக்கா கேட்பார்.

"மூக்கு அடைக்குது எண்டு சொல்லு," என்பார் அப்பா.

நான் சொல்வேன். அடுத்தமுறை அக்கா மெஷினோடு பூட்டத் தண்ணீர்ப் பெட்டி ஒன்று கொண்டுவந்தார், காற்று ஈரமாக வருமாம். அப்போது அப்பாவுக்கு மூக்கில் தழும்பு விழுந்ததாம். மெத்தென்ற மாஸ்க் வந்தது. பிறகு காற்று கூடிப்போனதாம். அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பட்டியைத் தளர்த்துவார், இறுக்குவார், இன்னொரு ரோல்ஸ் எடுப்பார்.

"உள்ளதைச் சொல்லுங்கோவன்," என்றார் அம்மா ஒருநாள்.

அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

போகும்போது அக்கா என்னிடம் குனிந்து, அடுத்த முறையும் மணிக்கணக்கு இல்லையென்றால் டொக்டருக்குத் தான் எதுவும் எழுத முடியாது, இதை அப்பாவுக்குச் சரியாகச் சொல் என்றார். சரியாகவே சொன்னேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, பாப்பம்," என்றார்.

எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு பெரிய மனிதருக்கு ஒரு மாஸ்க் போட முடியாதா? கார்டுக்கு வேண்டியது மணிக்கணக்குத்தானே, யாருடைய மூக்காக இருந்தால் என்ன? புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் இல்லை. அம்மா சென் தெனிக்குத் துப்பரவு வேலைக்குப் போய்விடுவார். நான் மெஷினை இழுத்தெடுத்து, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் கார்ட்டூன் பார்த்தேன். இப்படி மூன்று புதன்கிழமைகள். வீட்டையே நான்தான் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் பெரிய பெருமை.

அக்கா வந்து கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. உன் அப்பா புதன்கிழமை பின்னேரம் மட்டும்தான் நித்திரை கொள்வாரா என்று கேட்டார்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அப்பா.

"புதன்கிழமை பின்னேரம் நித்திரை கொள்ளுறனீங்களோ எண்டு கேக்கிறா."

"புதன்கிழமையோ? நான் கார்ஜ் பக்கத்துக் கடையில வெங்காய மூட்டையெல்லே இறக்கிக்கொண்டு நிக்கிறன்!"

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு மாஸ்க்கை என்னிடம் நீட்டினார். வேறு வழியில்லை. பட்டியைத் தலைக்குப் பின்னால் இழுத்து, ஒரு தவறில்லாமல் மாட்டிக் காட்டினேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அப்பா எனக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தார்.

"குஞ்சு, உனக்கு இதைக் கண்டால் பயமில்லையோ?"

"சீ! இதுக்கு ஆரும் பயப்பிடுவினமோ?" என்றேன், குழாய்க்குள்ளிருந்து.

அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, என்னைக் கேட்காமலே, "சுவார்... துய் லே சுவார்," என்றார். எல்லா இரவும் போடுவேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். சொன்னபடியே செய்தார். இன்னும் ஒரு மாதம் பொறுக்கும்படி முதலாளியைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். டொக்டரும் எழுதிக் கொடுத்தார். என் களவு பிடிபட்ட வெட்கத்தில்தான் அப்பா திருந்தினார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

எத்தனையோ வருடம் கழித்து, போன வருடம் வீட்டில், அப்பா சொன்ன மூக்குச் சாட்டுகளை ஒவ்வொன்றாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"நீ அண்டைக்குக் கத்தின கத்தலை மறந்திட்டாய். ஆறு வருசத்துக்குப் பிறகு இப்பதான் பிள்ளை பக்கத்தில வாறாள், இதைப் போட்டால் திரும்பவும் விலகிப்போடுவாள் எண்டு மனுசன் அழுதது எனக்கெல்லோ தெரியும்."

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அந்த மூன்று மாதமும் அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தவள் நான். வேலை போனாலும் பரவாயில்லை, இவள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று அவர் சொல்லாமல் சொன்னது மட்டும் எனக்கு எந்த மொழியிலும் விளங்கவில்லை.