காலி கேனும் கேரட் பொரியலும்

படூரில் அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுவது என் வேலை. அழைப்பு மணியை அழுத்தவே எனக்குக் கூச்சம். யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்களோ என்று கொஞ்ச நேரம் கதவையே பார்த்தபடி நிற்பேன். அப்படிப்பட்ட என்னை அந்தக் கட்டடத்தில் பிள்ளை பிடிக்கிறவன் ஆக்கிவிட்டார்கள்.

எந்த வீட்டில் தொடங்கியதோ தெரியாது. சாப்பிடாத பிள்ளைகளைக் கேன்காரர் காலி கேனில் போட்டு எடுத்துப்போய்விடுவார் என்று அம்மாக்கள் சொல்லத் தொடங்கினார்கள். நான் வாசலில் நின்றால் உள்ளே இட்லி வேகமாக இறங்கும். ஒரு வீட்டில், ஊட்டுகிற நேரம் எட்டரை, அதற்குச் சரியாக வரமுடியுமா என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் தண்ணீர்கூட வேண்டாம், சும்மா வந்து நின்றுவிட்டுப் போங்கள் என்றார்கள். முடியாது என்று சொல்ல வாய் வராததால் நின்றேன். மீசையை முறுக்கச் சொன்னதை மட்டும் செய்யவில்லை.

மூன்றாவது மாடியில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருந்தாள். அவளுக்கு மட்டும் என்னிடம் பயமே இல்லை. ஒருநாள் காலி கேனெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டாள். வண்டியில் ஏற்றிக் கோவளத்துக்குக் கொண்டுபோவேன், என் வீடு அங்கேதான், பக்கத்தில் கடல் என்றேன். அந்த வாரத்தில் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

மறுநாளிலிருந்து அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். பால் மட்டும் குடித்தாள். இரண்டாம் நாள் கதவைத் திறந்த அவள் அம்மா அழுதிருந்தார். கேனின் வாய் சின்னது, அதற்குள் நுழைய இளைக்க வேண்டும் என்கிறாளாம் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை காரிலேயே கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றாலும் கேட்கவில்லையாம். போனால் கேனில்தான் போவாளாம். மாலையில் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார்கள்.

"நீங்கதாண்ணா சொல்லணும். நான் சொன்னா கேக்கவே மாட்டேங்கிறா."

என் பேச்சால் ஒரு பிள்ளை பட்டினி கிடக்கிறது. சொல்லிப் புரியவைக்க எனக்கு வராது. செய்து காட்டிவிடலாம் என்று காலி கேனை எடுத்தேன்.

"பாரு பாப்பா, என் கையே போவல. நீ எப்டிப் போவ?"

விரல்களைக் குவித்து உள்ளே விட்டேன். போய்விட்டது. கட்டைவிரலின் அடிவரைக்கும் போனது. திரும்பி வரவில்லை.

அவள் அம்மா கேனைப் பிடித்து இழுத்தார், நான் என்னைப் பிடித்து இழுத்தேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் எடுத்துவர ஓடினார். குழந்தை கேனுக்குள் தெரிந்த என் விரல்களை உற்றுப் பார்த்தாள்.

"அங்கிள், இந்தக் கையாலதான சாப்பிடுவீங்க?"

ஆமாம் என்றேன். உள்ளே ஓடித் தன் தட்டைத் தூக்கிவந்தாள். சப்பாத்தி, கேரட் பொரியல்.

"உங்களுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய்."

எனக்கு வயது நாற்பத்தெட்டு. இதுவரை என் வாயில் கேரட்டை வைக்க யாராலும் முடிந்ததில்லை. சாம்பாரில் கிடந்தால் பொறுக்கி ஓரம் வைப்பேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அதைப் பார்த்து அவளும் மூடிக்கொண்டாள்.

"அண்ணா, ப்ளீஸ்," என்றார் அவள் அம்மா, மிக மெதுவாக. "வாயத் தொறங்க."

திறந்தேன். அவளும் திறந்தாள். எண்ணெயோடு வந்தவரை அம்மா கையசைத்து நிறுத்தினார். கேன் அப்படியே இருக்கட்டும், முதலில் தட்டு காலியாகட்டும் என்று அவருக்குச் சைகை. நான் கையில் கேனைத் தொங்கவிட்டபடி கண்ணை மூடி மென்றேன்.

அப்போது கீழே வண்டியிலிருந்து ஓட்டுநர் போன் செய்தான்.

"அண்ணாத்த, மூணாவது மாடில இம்மா நேரம் இன்னா பண்ணிகினு கீற?"

"துன்னுகினு கீறேன்," என்றேன். அவன் நம்பவில்லை.

தட்டு காலியானது. அதன்பிறகே எண்ணெய் போட அனுமதி கிடைத்தது.

டாக்டரிடம் போகவில்லை என்று மறுநாள் அவள் அம்மா சொன்னார். குழந்தை வாசலிலேயே தட்டோடு காத்திருந்தாள். கை நன்றாகத்தான் இருக்கிறது, இனி நானே சாப்பிட்டுக்கொள்வேன் என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

"அப்போ சாப்பிடுங்க," என்று தட்டை நீட்டினாள்.

அன்றைக்குப் பீட்ரூட்.