பூங்கா என்று குறித்த மனை

நான் பொறியியல் படித்தது ஒரு பூங்காவை விற்ற காசில். ஏதோ ஜமீன் வீட்டுப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி.

நான் ஆறாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ரியல் எஸ்டேட்காரர்கள் ஊருக்கு வேன் அனுப்பினார்கள். பிரம்மதேசம் பக்கம் கல் நட்ட மனைகளைக் காட்டிவிட்டுக் கையில் பிரியாணிப் பொட்டலமும் கொடுத்தார்கள். மாதத் தவணையில் அப்பா ஒரு மனையைப் பிடித்தார். மறுவருஷம் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அப்போதும் தவணை நிற்கவில்லை. மழைக்காலத்தில் உப்புப் பாத்திகளில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் எங்கேயாவது மூட்டை தூக்கிக் கட்டினார். "பாப்பா காலேஜுக்கு" என்பார், யாராவது கேட்டால். கேட்காவிட்டாலும் சொல்வார்.

பிளஸ் டூவில் நான் வாங்கிய மார்க்கைப் பற்றிப் பேச இன்றைக்கும் பிடிக்காது. படிக்கவில்லை, அவ்வளவுதான். கவுன்சிலிங்கில் கேட்ட பிரிவு கிடைக்காது என்று தெரிந்ததும், சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில்தான் சேருவேன் என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அப்பா மனைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னோடு வங்கிக்கு வந்தார். அடமானம் வைத்துக் கல்விக்கடன் வாங்குவதாகத் திட்டம்.

இரண்டாம் முறை போனபோது மேனேஜர் அந்த மனைப்பிரிவின் வரைபடத்தை மேசையில் விரித்தார். எங்கள் மனை இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை. பூங்கா என்று எழுதியிருந்தது.

"இது பார்க்குக்கு ஒதுக்குன எடம்ங்க. அப்ரூவல் வாங்கறப்பவே பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுத்திருக்கணும். குடுக்காம உங்களுக்கு வித்துட்டாங்க. நாளைக்கு யாராவது கேஸ் போட்டா இந்தப் பத்திரம் நிக்காது."

"வீடு கட்ட முடியாதா சார்?" என்றார் அப்பா.

"ஒரு செங்கல் வைக்க முடியாதுங்க."

விற்றவர்களின் ஆபீசைத் தேடிப் போனோம். அங்கே செல்போன் கடை இருந்தது. பஸ்ஸில் அப்பா பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஊரில் இறங்கியதும், "இத யார்கிட்டயும் சொல்லாத பாப்பா" என்றார். தலையாட்டினேன். கல்லூரிக்குப் பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, என் கவலையெல்லாம் அதுதான். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

மனை விலைக்கு இருக்கிறதென்று அப்பா சொல்லிவைத்தார், வாங்க ஆள் வந்தது. அப்பாவின் அளத்தில் உப்பு சுமக்கும் பெண். அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கு அத்தை. அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள்தான். அவள் மகள் அப்போது ஆறாவது. அவளும் மகளின் படிப்புக்குத்தான் இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவளிடம் அப்பா தரையைப் பார்த்தபடி, "பத்திரத்த ஒரு வக்கீல்கிட்ட காட்டிக்கம்மா" என்றார்.

"நீ பாத்து வாங்குன எடம்ணே. ஒனக்குத் தெரியாததா வக்கீலுக்குத் தெரிஞ்சிடப்போவுது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருந்தால் அவர் அன்றைக்கே நிறுத்தியிருப்பார், எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் உள்ளே போய் டீ போட்டேன்.

பதிவு ஆபீசுக்கு அவள் காதில் ஈர்க்குச்சி செருகிக்கொண்டு வந்தாள். கம்மலை விற்றிருந்தாள். மறுவாரம் நான் ஹாஸ்டலில் இருந்தேன்.

நான்கு வருஷமும் அங்கே எனக்கென்று ஒருத்தியும் அமையவில்லை. உங்கப்பா எப்படிடி இவ்வளவு ஃபீஸ் கட்டறார் என்று ஒருத்தி சாதாரணமாகக் கேட்டாள். அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அப்பா அத்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு அளத்துக்கு மாறி, தினம் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தார். மதியச் சோற்றையும் தனியாகத்தான் சாப்பிட்டாராம். போனில், "சாப்டியா?" "சாப்டேன்." "சரி." பேச வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று இருந்தது, அதை இரண்டு பேரும் தொடவில்லை. போன வருஷம் செத்துப்போனார். சாவு வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் அத்தை. அன்று மாலையே நான் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். படிப்பு முடிந்து வேலையும் இங்கேதான். ஒற்றை அறை, ஒரு ஆளுக்குச் சமையல். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்காரரிடம் பால் பாக்கெட் கேட்பதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

போன மாதம் அத்தை என் அறைக்கு வந்தாள். மஞ்சள் பையில் கோர்ட் நோட்டீஸ் இருந்தது. அந்த மனைப்பிரிவில் வீடு கட்டியவர்கள் சேர்ந்து, பூங்கா நிலத்தை மீட்டுத் தரச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான், யாரைத் திட்டுவது?

"திண்டிவனத்துல வக்கீல பாத்தேன். எடம் நிக்காதுன்னுட்டாரு" என்றாள். "அதுக்கு வரல கண்ணு. அண்ணன் தெரிஞ்சேதான் எந்தலையில கட்டிட்டாருன்னு அளத்துல பேசறாங்க. ரெண்டு பேருகிட்ட சண்டையே போட்டுட்டேன். அண்ணனுக்குத் தெரியாதுதான?"

ஆறு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் அவள் கேட்டது அப்பாவைப் பற்றி. செத்தவரைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை.

"தெரியாது அத்தை."

"அது போதும்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ. நான் அவசரமாக, "பாப்பா காலேஜுக்கு நான் கட்டறேன். நாலு வருஷமும் கட்டறேன்" என்றேன். அதற்கான பணம் என்னிடம் சேர்ந்திருந்தது. வேறென்ன செலவு எனக்கு?

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் கண்ணு. உங்கிட்ட வாங்குனா, அப்பன் பண்ண தப்புக்குப் பொண்ணு கட்டுதுன்னு ஊரு சொல்லும். தப்பே பண்ணாத மனுசனுக்கு அந்தப் பேரு எதுக்கு? பாப்பாவ வேலைக்கு அனுப்பிக்கறேன்."

எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. கோயம்பேட்டில் புதுச்சேரி பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "ஒடம்பப் பாத்துக்கோ" என்றாள்.