தட்டையாக்குன தகரமும் அவரு நட்ட கம்பும்

மூத்த பேத்திக்கு நுவரெலியாவுல பேங்க் வேலை. பேரன் கேம்பஸ்ல இஞ்சினியரிங். கடைக்குட்டி ஓ.எல். பரீட்சையில கணக்குக்கு ஏ எடுத்துட்டா. நடுப் பேத்தி சுகந்தி நம்ம தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்லயே சயன்ஸ் டீச்சர். அஞ்சாங் கிளாஸோட கொழுந்துக் கூடைய மாட்டுனவ நான்... சொல்லிக்கிறதுல என்ன தப்பு.

தகரத்துல சடசடன்னு மழை விழுந்தா எனக்கு ஒரு பழைய நாள் ஞாபகம் வந்துரும்.

அப்ப சுகந்தியோட அப்பா தவழுற புள்ள. எங்க வரிசை வீட்டு லயத்துக்குப் பின்னால அடுப்பு வைக்க ஒரு சாய்ப்புக் கூரை போட்டோம். தோட்டத்துல ரெண்டே ரெண்டு பழைய அலைத்தகரம்தான் குடுத்தாங்க. எடத்துக்குப் பத்தல.

நாந்தான் யோசனை சொன்னேன். "இந்த மேடு பள்ளத்த தட்டி நேராக்குனா இன்னும் ரெண்டு சாண் மூடலாம்ல."

வீட்டுக்காரர் சவுக்குக் கம்பு நாலு நட்டாரு. நான் சுத்தியலால தட்டித் தட்டி தகரத்த பலகை மாதிரி ஆக்கிட்டேன். பாக்க அவ்வளவு அழகு...

அடுத்த மழையில நடுவுல தண்ணி தேங்குச்சு. தகரம் தொப்பை போட்டு, மடிஞ்சு, அடுப்பு மேலயே விழுந்துச்சு. புள்ள ஒரு எட்டு தள்ளித்தான் கெடந்தான்.

"ஒரு கம்பு நடத் தெரியுதா ஒங்களுக்கு?"

லயமே கேக்கக் கத்துனேன். அவரு சுத்தியல மூலையில வச்சுட்டு வெளிய போயிட்டாரு. அன்னிக்கு வச்ச சுத்தியல அதுக்கப்புறம் தொடவே இல்ல. எங்க வீட்டுல ஆணி அடிக்கக்கூட பக்கத்து வீட்டு ஆளுதான்.

போன வாரம் சுகந்தி சோத்துப் பார்சல மறந்துட்டுப் போயிட்டா. ஸ்கூலுக்குக் கொண்டு போனேன். மழை புடிச்சிருச்சு. "கிளாஸ்ல பின்னால ஒக்காருங்க அப்பாயி"ன்னா.

எட்டாம் ஆண்டுப் புள்ளைங்க. இழுத்துவிட்டா பழையபடி வர்றது ரப்பரோட குணம், அடிச்சா ஒடையாம விரியிறது தகரத்தோட குணம்னு ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டுனா. அப்புறம் ரெண்டு புஸ்தகத்துக்கு நடுவுல ஒரு பேப்பர வச்சு, மேல அழிக்கிற ரப்பர வச்சா. பொத்துன்னு விழுந்துருச்சு.

அதே பேப்பர விசிறி மாதிரி மடிச்சு வச்சா. தேத்தண்ணி கப்பயே தூக்கி மேல வச்சா...

நின்னுச்சு.

 வெறும் பேப்பருங்க அது.

"டீச்சர், எங்க லயத்துத் தகரம் மாதிரி இருக்கு"ன்னான் ஒருத்தன்.

"ஒன் லயம் ஒழுகுமேடா"ன்னா பக்கத்துல இருந்தவ.

சுகந்தி சிரிச்சா. "சரியாத்தான் சொல்றான். பேப்பர் அதேதான், மடிப்புலதான் பலம். தகரத்தோட அலைய தட்டி நேராக்கிட்டா, எவ்வளவு நல்ல கம்பு நட்டாலும் வளைஞ்சு விழுந்துரும்."

அப்பத்தான் நெனச்சுப் பாத்தேன். அன்னிக்குத் தகரம் விழுந்தப்ப, அந்த நாலு கம்பும் நட்ட எடத்துல நட்டபடி நின்னுச்சு. நான்தான் அதப் பாக்கல.

வீட்டுக்கு வந்து நானும் ஒரு பேப்பர மடிச்சு, கப்ப வச்சு அவருக்குக் காட்டுனேன். கப்பத் தூக்கிட்டு, மறுபடியும் அவரே வச்சுப் பாத்தாரு.

"அப்ப... கம்பு சரிதான்?"

"சரிதாங்க. தகரத்தக் கெடுத்தவ நான்தான்."

"இதச் சொல்ல ஒனக்கு ஒரு பேத்தி பொறந்து, டீச்சராகி வரணுமா, புள்ள?"

அந்தக் காலத்துல ஏன்னு கேட்டா எங்க வாத்தியார் பிரம்பத்தான் காட்டுவாரு. இப்பப் புள்ளைங்க கேக்குதுக, பேப்பர் பதில் சொல்லுது.

மறுநாள் காலையில பாத்தா மனுஷன் கையில சுத்தியல். சாயங்காலத்துக்குள்ள நாலு கம்பு நட்டு கோழிக்கூடு கட்டி முடிச்சுட்டாரு.

சுகந்தி, நான் சொல்லச் சொல்ல ஃபோன்ல டைப் பண்றியே, தாத்தா கூட்டுப் பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு போட்டோ புடிச்சு இதுல போடும்மா. கம்பு நாலும் முழுசா தெரியணும்.