கைப்பையில் கட்டிய சீட்டு

லேமினேஷன் கடைக்காரருக்கு எந்தக் காகிதத்தையும் சும்மா விடப் பிடிக்காது. அவர் வீட்டில் கரண்ட் பில், மருந்துச் சீட்டு, மகளின் கல்யாணப் பத்திரிகை எல்லாமே பிளாஸ்டிக் உறைக்குள் பளபளக்கும்.

அந்த மகள்தான் அப்பா அம்மாவைச் சொகுசுக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்தாள். பெட்டிகளில் கட்ட, அறை எண் போட்ட சீட்டுகளை அச்சடித்துக்கொள்ளச் சொன்னாள். கேட்க வேண்டுமா? இரண்டு பெட்டிக்கு ஒரு டஜன் அடித்து, லேமினேஷன் செய்து, கயிறும் கோத்துவிட்டார். மிஞ்சியதை வீணாக்க மனம் வராமல் குடை, செருப்புப் பை, மனைவியின் கைப்பை என்று கண்ணில் பட்டதிலெல்லாம் கட்டினார்.

"என் கழுத்துலயும் ஒண்ணு மாட்டிடுங்க," என்றாள் மனைவி.

துறைமுகத்தில் மனைவி கழிப்பறைக்குப் போன நேரம், சீட்டு தொங்கியதையெல்லாம் சுமைக்காரர் வண்டியில் ஏற்றிப் போய்விட்டார். பரிசோதனை மேசையில் பாஸ்போர்ட் கேட்டார்கள்.

"என் கைப்பை எங்கங்க?"

"சீட்டு கட்டியிருக்கேன்ல, பத்திரமா ரூமுக்குப் போயிடும்."

"பாஸ்போர்ட்டும் அதுலதான் போயிருக்கு!"

அதிகாரி யார் யாருக்கோ போன் செய்தார். மற்ற பயணிகள் எல்லோரும் ஏறி முடித்த பிறகே கைப்பை திரும்பி வந்தது.

மனைவி பாஸ்போர்ட்டுகளை எடுத்து நீட்டினாள். கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் கேட்டாள்: "தம்பி, எனக்கு மட்டும் தனியா வேற ரூம் கிடைக்குமா?"